ஆனியில் வந்த ஆடித் தள்ளுபடி

மகாராஜபுரம் என்றால் சங்கீதக்காரர்களுக்கு விசுவநாத ஐயரும் சந்தானமும் நினைவுக்கு வருவார்கள். அது தஞ்சாவூர்ப் பக்கம். நான் போனது எங்கள் பக்கத்து மகாராஜபுரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, கிருஷ்ணன்கோவிலில் திரும்பி, வத்திராயிருப்பு தாண்டினால் சதுரகிரி மலை கண்ணெதிரே எழும்பி நிற்கும். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். வழியில் பால்கோவா வாங்கும்போது, “ஒரு கிலோவா எடுத்தா குறைப்பீங்களா?” என்று கேட்டேன். கடைக்காரர் பதிலே சொல்லாமல் தராசில் கை வைத்தார்.

அக்கா வீட்டு மாடியறையில் மருமகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். “மாமா, ஸ்டீம்ல கோடை சேல் ஓடுது. ஐந்நூறு ரூவா வச்சிருக்கேன். எதை வாங்கன்னு தெரியல.”

ஜவுளிக்கடைக்கு ஆடி வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஆனியிலேயே எல்லாப் படத்தின் ஓரத்திலும் பச்சைக் கட்டத்தில் தள்ளுபடிச் சதவீதம். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். கேம் எனக்கும் புதிதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பிரவுசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து ‘வைஸ் சிட்டி’ ஆடிய தலைமுறை நான். அதைக் காசு கொடுத்து வாங்கலாம் என்பதே அன்றைக்குத் தெரியாது.

முதலில் பழசுகளைப் பார்த்தோம். 2011இல் வந்த ‘போர்ட்டல் 2’. பத்து டாலர் பலகை விலை, சேல் வந்தால் தொண்ணூறு சதவீதம் வரை இறங்கி ஒரு டாலருக்கு வந்துவிடும். 2004இல் வந்த ‘ஹாஃப் லைஃப் 2’ஐ, இருபது வருஷம் நிறைந்த 2024 நவம்பரில் சில நாள் சும்மாவே கொடுத்தார்கள்.

“இவ்வளவு குறைச்சா அவங்களுக்கு நட்டமில்லையா மாமா?”

ஜவுளிக்கடைக்காரர் ஆடியில் குறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. துணி இடத்தை அடைக்கும், சாயம் மங்கும், தீபாவளிச் சரக்குக்கு அலமாரி வேண்டும். கேமுக்குக் குடோனே கிடையாது. பிறகு ஏன்? போட்ட முதல் என்றைக்கோ திரும்பிவிட்டது. இன்னொரு பிரதி விற்க ஆகும் செலவு ஒன்றுமில்லாத மாதிரிதான். முழு விலை கொடுக்கிறவன் முதல் வருஷத்திலேயே கொடுத்துவிட்டான். மிச்சம் இருப்பது நம்மைப் போல ஐம்பது ரூபாய் என்றால் யோசிக்காமல் வாங்குகிறவர்கள். அதில் நாலு பேர் அடுத்த பாகத்தை முழு விலைக்கு வாங்கினால் போதும். ஆக, பலகை விலை பெயருக்குத்தான். சேல் விலைதான் அந்தப் பழைய கேமின் நிஜ விலை.

இதற்கு விலக்கும் உண்டு. மேலே சொன்ன ‘வைஸ் சிட்டி’ 2002இல் வந்தது. 2021இல் அதையும் அதே வரிசையில் வந்த இன்னும் இரண்டு கேம்களையும் புதுச் சாயம் பூசி அறுபது டாலருக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே பழைய பதிப்புகளைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிளாசிக் என்றால் மலிவு என்று நம்பியவர்களுக்கு அது ஒரு குட்டு.

அடுத்து இண்டி பக்கம். ஒரு ஆளோ, ஒரு சின்னக் கூட்டமோ பெரிய கம்பெனியின் பணம் இல்லாமல் செய்கிற கேம்கள். இங்கே சதவீதம் சட்டென்று சுருங்கிவிட்டது: இருபது, முப்பது, எங்கோ ஒரு ஐம்பது. மருமகனுக்கு முகம் வாடியது. “கஞ்சப்பயலுக.”

கஞ்சத்தனம் இல்லை, கணக்கு. விற்கிற ஒவ்வொரு பிரதியிலும் ஸ்டீம் முப்பது சதவீதம் எடுத்துக்கொள்ளும். ஒரு கேமின் விற்பனை ஒரு கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேல் இருபத்தைந்து, ஐந்து கோடியைத் தாண்டினால் இருபது. 2018இலிருந்து இதுதான் ஏற்பாடு. பெரிய மில்லுக்குக் கமிஷன் குறைவு, ஒற்றைத் தறிக்காரனுக்கு முழுக் கமிஷன். பதினைந்து டாலர் கேமைப் பாதி விலைக்கு விற்றால் செய்தவன் கைக்கு வருவது ஐந்தேகால் டாலர்; வரி தனி.

அப்படியானால் ஏன் இருபது சதவீதமாவது குறைக்கிறார்கள்? நாம் ஒரு கேமை ‘விஷ்லிஸ்ட்’டில் போட்டு வைத்திருந்தால், தள்ளுபடி இருபது சதவீதத்தைத் தொட்டால்தான் ஸ்டீம் நமக்கு மெயில் அனுப்பும். பத்தொன்பது என்றால் யாருக்கும் தெரியாது. விளம்பரத்துக்குக் காசில்லாதவனுக்கு அந்த மெயில்தான் தண்டோரா.

‘ஸ்டார்டியூ வேலி’யைப் பாருங்கள். எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் நாலரை வருஷம் போல உட்கார்ந்து செய்து 2016இல் விட்டது. வயல், மாடு, மீன்பிடி என்று நம்ம ஊர் சமாச்சாரம்தான். இன்றுவரை புதுப் பகுதிகளைச் சும்மா சேர்த்துக்கொண்டே இருக்கிறார். பாதி விலைக்குக் கீழே அது இறங்கி நான் பார்த்ததில்லை. பிராகாவில் செய்த ‘ஃபேக்டோரியோ’ இன்னும் ஒரு படி மேலே: தள்ளுபடியே கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். 2023 ஜனவரியில் விலைவாசியைக் காரணம் காட்டி முப்பது டாலரை முப்பத்தைந்து ஆக்கினார்கள். எல்லாரும் குறைக்கிற ஊரில் ஏற்றினார்கள்! பால்கோவாக் கடைக்காரர் ஞாபகம் வந்தது.

கடைசியில் நான் காட்டியது ‘வெண்பா’. டொரொன்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. எண்பதுகளில் கனடா போய்ச் சேர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் நோட்டு, விட்டுப்போன குறிப்புகளை நாம் சமைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். 2024இல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருது வாங்கியது. மொத்தம் ஒன்றரை மணி நேர விளையாட்டு.

“ஒன்றரை மணி நேரமா? ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆடிட்டு ரீஃபண்ட் கேட்டா குடுத்துருவாங்களே மாமா!”

பதினாலு நாளைக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால் பணம் திரும்ப வரும் என்பது ஸ்டீமின் விதி. அறுபது மணி நேரம் ஓடும் பெரிய கேமுக்கு அது வெறும் ருசி பார்ப்பது. ‘வெண்பா’வுக்கோ இலை போட்டு முழுக்கச் சாப்பிட்டுவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்பது. “அது வேண்டாம்டா” என்றேன். ஒரு மாதிரி சிரித்தான்.

‘வெண்பா’வுக்கு யூபிஐயில் பணம் போனது. கேம் இறங்கி முடித்ததும் முதல் சமையலே இட்லி. தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று அவன் திணறிக்கொண்டிருக்கையில் காபியோடு மாடியேறி வந்த அக்கா திரையைப் பார்த்தாள்.

“மேத்தட்டைக் கொஞ்சம் திருப்பி வையி. இட்லி மேல இட்லி உக்காந்தா நசுங்கிரும்ல.”

வைத்தான். ஆவி மேலே வந்தது.

மிச்சக் காசை வைத்து யோசிக்கிறவர்களுக்கு ஒன்று: கோடை சேலின் கடைசி நாளில் நம் ஊர்க் கணக்குக்கு ராத்திரி பத்தரை மணிக்கு விலை பழையபடி ஏறிவிடும். வத்திராயிருப்புப் பக்கம் அந்த நேரத்துக்குக் கரண்ட் போகவும் வாய்ப்புண்டு.