கூடுதல் வேலையாக வந்த பெண்கள் டீம்

2022 டிசம்பர் 5. அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலத்தில் கேரி என்ற ஊர். கல்லூரிப் பெண்கள் கால்பந்தின் தேசிய இறுதிப்போட்டி நடக்கிறது. நார்த் கரோலினா பல்கலைக்கழகம் 2-0 என்று முன்னிலையில் இருக்கிறது. முடிய இன்னும் பத்தே நிமிடங்கள். அந்த டீமின் கோச் ஆன்சன் டோரன்ஸுக்கு 71 வயது. பத்து வருடமாகக் கைக்கு வராத கோப்பை, இதோ எட்டும் தூரத்தில்!

அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் ஸ்கோர்போர்டு கடிகாரம் பின்னோக்கி ஓடும். பூஜ்ஜியம் வந்துவிட்டால் ஆட்டம் அவ்வளவுதான். 80-வது நிமிடத்தில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்திருந்த யு.சி.எல்.ஏ. டீம் ஒரு கோல் போட்டது. கடிகாரத்தில் 16 விநாடிகள் மிச்சமிருக்கும்போது இன்னொன்று. கூடுதல் நேரத்தில் மூன்றாவதும் விழ, கோப்பை கைமாறியது. ஜெயித்த டீமின் கோச், தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்று அதுதான் முதல் வருடம். டோரன்ஸுக்கோ அது 44-வது சீசன்.

இந்த 44 வருடக் கதையின் முதல் பக்கம் நம் ஊரில் இருக்கிறது. 1951-ல் அன்றைய பம்பாயில் பிறந்தவர் டோரன்ஸ். அப்பா எண்ணெய் நிறுவன அதிகாரி. வேலை மாறும் இடமெல்லாம் குடும்பமும் மூட்டை கட்டியது. கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர், கடைசியில் சுவிட்சர்லாந்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளி. ஊர் ஊராக மாறுகிற பையனுக்கு, பாஷை தெரியாவிட்டாலும் நண்பர்களைச் சேர்த்துக்கொடுப்பது பந்துதான். கல்லூரிக்கு நார்த் கரோலினா வந்து இலக்கியமும் தத்துவமும் படித்தார். பிறகு சட்டம் படிக்கச் சேர்ந்தார். வக்கீல் ஆவதாகத்தான் திட்டம். அதை நடுவிலேயே விட வைத்ததும் பந்துதான்.

அவர் படித்த பல்கலைக்கழகத்திலேயே 1977-ல் ஆண்கள் டீமின் கோச் ஆனார். இரண்டு வருடம் கழித்துப் பெண்கள் டீமும் வந்தது. கல்வி நிலையங்களில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1972-ல் அமெரிக்கா சட்டம் போட்டிருந்தது. சட்டம் இருந்தாலும் கேட்பவர்கள் கேட்டால்தானே கிடைக்கும்? பொழுதுபோக்கு கிளப்பாக ஆடிக்கொண்டிருந்த மாணவிகள், எங்களையும் பல்கலைக்கழக டீமாக அங்கீகரியுங்கள் என்று கேட்டார்கள். நிர்வாகத்துக்கு டோரன்ஸ் ஞாபகம் வந்தது. ஆண்களோடு சேர்த்து இவர்களையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஆரம்பத்தில் எதிர்த்து ஆடக் கல்லூரி டீம்களே சரியாகக் கிடைக்கவில்லை. உள்ளூர் கிளப்களில் ஆடும் பள்ளிக்கூடப் பெண்களோடு மோதினார்கள். 1981-ல் முதல் தேசிய சாம்பியன்ஷிப் நடந்தபோது கோப்பை இவர்களுக்குத்தான். 1986 முதல் 1994 வரை ஒன்பது வருடங்கள் தொடர்ந்து சாம்பியன்! நடுவே 103 ஆட்டங்கள் தோல்வியே இல்லை. 1988 வரை இரண்டு டீம்களையும் அவரே பார்த்தார். 1987-ல் ஆண்கள் டீம் தேசிய அரையிறுதி வரை போனது. அதற்கப்புறம் பெண்கள் டீம் மட்டும்.

ஒரே மனிதர், ஒரே மைதானம், இரண்டு டீம். இதில் அவர் கவனித்த விஷயம் சுவாரஸ்யமானது. தோற்ற பிறகு பொத்தாம்பொதுவாகத் திட்டினால், ஆண்கள் ஒவ்வொருவரும் 'நம்மைச் சொல்லவில்லை, பக்கத்தில் இருப்பவனைத்தான் சொல்கிறார்' என்று நினைத்துக்கொள்வார்கள். பெண்கள் ஒவ்வொருவரும் 'என்னைத்தான் சொல்கிறார்' என்று மனதில் வாங்கிக்கொள்வார்கள். எல்லா ஆண்களும் எல்லாப் பெண்களும் இப்படியா என்று சண்டை போடலாம். ஆனால், அவர் கத்துவதைக் குறைத்துக்கொண்டது இதற்கப்புறம்தான்.

கத்தலைக் குறைத்தாரே தவிர, போட்டியைக் குறைக்கவில்லை. அதே வளாகத்தில் கூடைப்பந்து கோச்சாக இருந்த டீன் ஸ்மித், பயிற்சியில் ஒவ்வொரு விஷயத்தையும் கணக்கு வைப்பதைப் பார்த்தார். அதை அப்படியே தன் மைதானத்துக்குக் கொண்டுவந்தார். ஒண்டிக்கு ஒண்டி மோதலில் யார் ஜெயித்தார்கள், ஓட்டத்தில் யார் முந்தினார்கள், எல்லாம் நோட்டில் ஏறும். முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை பெயர் போட்டுச் சுவரில் ஒட்டப்படும். கடைசிப் பெயரும் எல்லோர் கண்ணிலும் படும்.

இது கொடுமை இல்லையா? இருக்கலாம். ஆனால், இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1983-ல் ஏப்ரல் ஹெய்ன்ரிக்ஸ் என்ற மாணவி டீமில் சேர்ந்தார். பயிற்சியிலேயே எதிரில் நிற்பவர் தோழியா, வேறு யாரோவா என்று பார்க்காமல் மோதுபவர். மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை, கோச்சிடம் புகார் போனது. நம் வீடுகளில் ஒரு பெண் இப்படி இருந்தால் என்ன சொல்வோம்? 'கொஞ்சம் அடங்கி இரும்மா' என்போம். டோரன்ஸ் ஹெய்ன்ரிக்ஸை அடக்கவில்லை. மற்றவர்கள்தான் அவர் அளவுக்கு வர வேண்டும் என்று முடிவு செய்தார். சுவரில் ஒட்டிய அந்தப் பட்டியல், தோழியை முந்துவது தப்பில்லை என்று அத்தனை பேருக்கும் கொடுத்த அனுமதிச்சீட்டு மாதிரி ஆனது.

பட்டியலுக்கு நேர்மாறாக அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. கடிதம். இறுதிப்போட்டிக்கு முன்னால், கடைசி வருட மாணவிகள் ஒவ்வொருவருக்கும், 'நீ இந்த டீமுக்கு என்னவாக இருந்தாய்' என்று தனித்தனியாக எழுதுவார். அதில் கோல் கணக்கு இருக்காது. ஒரு குளிர்காலக் காலையில் ஆபீஸுக்கு காரில் போகும்போது, மைதானத்தில் ஒரு பெண் தன்னந்தனியாக ஓடி ஓடி, மூச்சு வாங்கக் குனிந்து நிற்பதைப் பார்த்தார். அழைத்துப் பாராட்டவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் இப்படி வியர்வையில் நனைந்து நிற்பவர்தான் சாம்பியன் என்ற அர்த்தத்தில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்பினார். அந்தப் பெண் மியா ஹாம். பின்னாளில் உலகமே கொண்டாடிய வீராங்கனை.

அந்த மியா ஹாமை 15 வயதிலேயே தேசிய டீமில் சேர்த்ததும் டோரன்ஸ்தான். 1986 முதல் 1994 வரை அமெரிக்க மகளிர் டீமுக்கும் அவரே கோச். 1991-ல் சீனாவில் நடந்த முதல் மகளிர் உலகக்கோப்பைக்குப் போன 18 பேரில் பாதிப் பேர் அவருடைய கல்லூரி மாணவிகள். கேப்டன், அதே ஹெய்ன்ரிக்ஸ். 'உலகக்கோப்பை' என்ற பெயரைக் கொடுக்கக்கூட ஃபிஃபா தயங்கி, ஒரு மிட்டாய் கம்பெனியின் பெயரில் கோப்பையை நடத்திய காலம் அது. ஆட்டமும் 90 நிமிடம் இல்லை, 80 தான். குவாங்சோவில் நடந்த இறுதிப்போட்டியில் நார்வேயை 2-1 என்று ஜெயித்து அமெரிக்கா சாம்பியன் ஆனது. ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் வரவேற்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இத்தனையும் எழுதிவிட்டு, அடுத்ததை எழுதாமல் போனால் நியாயமில்லை. 1998-ல் அவரிடம் ஆடிய இரண்டு பேர் அவர் மீது வழக்குப் போட்டார்கள். வீராங்கனைகளின் அந்தரங்க வாழ்க்கை பற்றி அவர் பேசியதும் கேட்டதும் பாலியல் தொல்லை என்பது புகார். அவர் மறுத்தார். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 2004-ல் ஒன்றும் 2008-ல் மற்றொன்றும் சமரசத்தில் முடிந்தன. அந்த மாதிரிப் பேச்சுகளில் தான் கலந்துகொண்டது தகாதது என்று அவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். அவர் வேலை பறிபோகவில்லை, கோப்பைகளும் தொடர்ந்தன. ஆனால், ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருப்பதுதான் அவருடைய பலம் என்று எல்லோரும் சொன்னார்களே, அந்த நெருக்கத்துக்குள்தான் இதுவும் நடந்தது. இருபது வயதுப் பெண்ணை ஆட வைப்பதா, உட்கார வைப்பதா என்று முடிவு செய்கிற ஆள் சிரித்துக்கொண்டே ஒன்றைக் கேட்டால், 'அது உங்களுக்குத் தேவையில்லாதது' என்று அவளால் சொல்ல முடியுமா? கடிதங்களைப் படித்து நெகிழும்போது இதையும் சேர்த்தேதான் படிக்க வேண்டியிருக்கிறது.

2012-ல் அவருடைய 22-வது தேசியக் கோப்பை வந்தது. அதோடு நின்றது. மற்ற கல்லூரிகளும் பணம் போட்டன, நல்ல கோச்களை வைத்தன. இவரிடம் கற்றவர்களே எதிரணிக்கு கோச்களாக வந்தார்கள். 2018, 2019, பிறகு அந்த 2022 என மூன்று இறுதிப்போட்டிகளில் தோல்வி. விளையாடும் மைதானத்துக்கே 2019 முதல் அவர் பெயர்தான், டோரன்ஸ் ஃபீல்டு. சொந்தப் பெயர் மாட்டிய மைதானத்துக்கு வேலைக்குப் போவது எப்படி இருக்கும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். அதற்குள் கல்லூரி விளையாட்டின் போக்கும் மாறிவிட்டது. மாணவிகள் சுலபமாகக் கல்லூரி மாறினார்கள், படிப்பு முடியும் முன்பே சம்பளத்துக்கு ஆடப் போனார்கள். நான்கு வருடம் கூடவே இருந்து, கடைசி வருடத்தில் ஒரு கடிதம் வாங்கிப் போகிற கணக்கு இதில் எங்கே ஒத்துவரும்?

2024 ஆகஸ்ட் 11. சீசன் தொடங்கச் சில நாள்களே இருக்கும்போது ஓய்வை அறிவித்தார் டோரன்ஸ். வயது 73. பெண்கள் டீமோடு மட்டும் 900-க்கும் மேற்பட்ட வெற்றிகள். நெடுநாள் உதவியாளர் டேமன் நஹாஸ் தற்காலிகப் பொறுப்பு ஏற்றார்.

அந்த டிசம்பரில் நார்த் கரோலினா மறுபடியும் இறுதிப்போட்டிக்கு வந்தது. எதிரணி, அதே மாநிலத்தின் வேக் ஃபாரஸ்ட். இடம், 16 விநாடியில் கோப்பை கைநழுவிய அதே கேரி. நார்த் கரோலினா ஒரு கோல் போட்டது. இந்த முறை அதைக் கடைசிவரை யாராலும் மாற்ற முடியவில்லை.