ஷிஃப்ட் டூ, ஹிஸ்டரி

நூம்பலில் அந்த ஜெராக்ஸ் கடைக்கு ஒரு ஷட்டர் அகலம்தான். பூந்தமல்லி ஹைரோட்டில் வேலப்பன்சாவடிப் பக்கம் மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி என்று போர்டுகள் வரிசையாக நிற்பதால் மாணவர் கூட்டத்துக்குக் குறைவில்லை. 2025 ஜூலைக் கடைசியில் ஒரு மாலை, ரேஷன் கார்டு வேலையாக நான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் காத்திருந்தேன். எதிர் ஸ்டூலில் அவர்.

நாற்பதைத் தாண்டியிருக்கும். அயர்ன் செய்த சட்டை, காதோரம் நரை, மடியில் பட்டன் வைத்த ஃபைல். சான்றிதழ்களை விரல் நுனியில் பிடித்து எடுக்கிறார். மேசையில் ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறார். பத்தாவது, பன்னிரண்டாவது, பி.ஏ., எம்.ஏ., எம்.ஃபில்., பிஎச்.டி. அதற்கடியில் அனுபவச் சான்றிதழ்கள், பச்சை மைக் கையெழுத்தோடு. ஒவ்வொன்றும் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. மே மாதம் எதிலும் இல்லை. கௌரவ விரிவுரையாளருக்குச் சம்பளம் பதினோரு மாதம்தான்.

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் 574 இடம் என்று அறிவிப்பு வந்திருந்த நேரம். மாதம் 25,000 ரூபாய். வகுப்புக்கு 1,500, மாதத்துக்கு 50,000 வரை கொடுக்கலாம் என்று யுஜிசி 2019-லேயே சொல்லிவிட்டது. சொன்னது சொன்னபடி இருக்கிறது.

"சப்ஜெக்ட் சார்?" கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள் கடைப்பெண்.

"ஹிஸ்டரிம்மா."

"தீசிஸ் டைட்டில்?"

அவர் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் சிந்தனையும் தமிழும் என்கிற மாதிரி நீளமான தலைப்பு. நடுவில் கார்ல் கிரவுல் பெயர். அவள் இரண்டு தரம் தப்பாக அடித்தாள். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "திருக்குறளை ஜெர்மனுக்குக் கொண்டுபோனவரும்மா. 1856-ல."

"அப்படியா சார்? போட்டோ சைஸ் அதிகமா இருக்கு, குறைக்கட்டுமா?"

லைப்சிக் மிஷன் தலைவராக இருந்துகொண்டே 1849-லிருந்து நாலு வருஷம் இந்தியப் பயணம், அதில் கற்ற தமிழ், பிறகு குறள் என்று கிரவுல் கதை பெரியது. விண்ணப்பத்தில் அதற்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

இதற்குள் அவருக்கு போன் வந்தது. "ஆமாண்ணே, ஷிஃப்ட் டூ கிடைச்சாலும் சரி... ஹிஸ்டாரியோகிராஃபி யாராவது எடுத்துத்தானே ஆகணும்? ரங்கே, ஹெகல், ஸ்பெங்லர் எல்லாம் நான் பாத்துக்கறேன். கூட டூரிசம் பேப்பரையும் குடுக்கட்டும், வேணாங்கல... போன தடவை இன்டர்வியூல ஹெகலை ரெண்டு நிமிஷத்துல சொல்லச் சொன்னாங்கண்ணே. சொன்னேன். அப்புறம் நாக் வேலை தெரியுமான்னு கேட்டாங்க."

சிரித்தபடிதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெர்மன் சிந்தனை வரலாற்றுக்கென்று தனியாக ஒரு விரிவுரையாளரை இங்கே எந்தக் கல்லூரி தேடப்போகிறது? எம்.ஏ. பாடத்திட்டத்தில் ஒரு தாளில் சில பக்கங்கள். அதற்குள் நுழைய டூரிசத்தையும் நாக் தரமதிப்பீட்டு ஃபைல்களையும் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அவர் பாடம் எடுக்கும் ஆட்களே இந்த வரிசையில் நின்றவர்கள்தான். கான்ட் 1755-லிருந்து 1770 வரை கோனிக்ஸ்பர்க்கில் சம்பளமில்லாத விரிவுரையாளர். கேட்க வந்த மாணவர் கொடுத்த கட்டணம்தான் வருமானம். பற்றாமல் 1766-ல் அரண்மனை நூலகத்தில் துணை நூலகர் வேலையும் பார்த்தார், ஆண்டுக்கு 62 தாலர். 1820-ல் பெர்லினில் ஷோபன்ஹவர் வேண்டுமென்றே ஹெகலின் வகுப்பு நேரத்திலேயே தன் வகுப்பையும் வைத்தார்; அங்கே கூட்டம், இங்கே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். 1917 நவம்பரில் மூனிக்கில் மாணவர்கள் முன் அறிவுத் தொழிலைப் பற்றிப் பேச வந்த மாக்ஸ் வெபர், எடுத்த எடுப்பில் தத்துவம் பேசவில்லை. இளம் விரிவுரையாளருக்குச் சம்பளம் உண்டா, இடம் கிடைப்பது எவ்வளவு தூரம் அதிர்ஷ்டம் என்பதில்தான் தொடங்கினார். சிலபஸில் இவர்களுடைய கொள்கைகள் மட்டும்தான் வரும். இவர்கள் வாங்கிய கூலி வராது.

"சார், எக்ஸ்பீரியன்ஸ் எத்தனை வருஷம் போடறது?"

அவர் சான்றிதழ்களை மறுபடி அடுக்கி, விரலால் கூட்டினார். "மாசக் கணக்குல போடலாமாம்மா?"

"வருஷம்தான் கேக்குது."

"அப்போ ஒம்போதுன்னு போடும்மா."

மே மாதங்களையெல்லாம் கழித்திருப்பார் போல. சப்மிட் கொடுத்ததும் பிரின்டர் இரண்டு தாளைத் தள்ளியது. அவர் ஜிபேயில் பணம் போட்டு, ஸ்பீக்கர் சத்தம் வரும்வரை நின்றார்.

"பாஸ்வேர்ட எழுதி வெச்சுக்குங்க சார். அடுத்த வருஷமும் கேப்பாங்க."

"போன வருஷத்துதாம்மா அது, நான் மாத்தவே இல்ல" என்றபடி ஃபைல் பட்டனை அழுத்தினார்.

"அடுத்து யாரு, ரேஷன் கார்டா?" என்றாள் அவள்.