பூட்டும் விரல்களும்

சென்ற ஆண்டு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் தங்கியிருந்தபோது, முதிய தம்பதியர் இருவர் எனக்கு நண்பராயினர். படுக்கை, அடுப்பு, குளியலறை யாவும் அடங்கிய மோட்டார் வண்டியே அவர்களுக்கு இல்லம். அதன் கதவில் எண்களை அழுத்தினால் பூட்டுத் திறக்கும்.

ஒருநாள் நண்பகலில் எத்தனை முறை அழுத்தியும் கதவு திறக்கவில்லை. பூட்டின் பாட்டரிகள் தீர்ந்திருந்தன. அவற்றை மாற்றும் மூடி கதவின் உட்புறம், சாவியும் உள்ளே, அம்மையார் வேளை தவறாது உட்கொள்ளும் மருந்தும் உள்ளே! பூட்டுத் திறப்பவர் வந்துசேர இரண்டு மணி நேரமாயிற்று.

“இனிப் பழைய சாவிப் பூட்டே போதும்” என்றார் கணவர், சினத்துடன். மனைவி மறுமொழி கூறவில்லை. மூட்டுவாதத்தால் மடங்கிய தம் விரல்களைப் பார்த்தார். சாவியைத் திருக அவற்றால் இயலாது. கணவர் தலைகுனிந்தார்.

மறுநாள் கதவிலுள்ள துளையின் நீள அகலத்தை அளந்து, அதற்குப் பொருந்தும் புதிய எண்பூட்டையே வாங்கினார். உட்புறத் திருகாணிகளைக் கழற்றிப் பழையதை எடுத்தோம். புதியதை மாட்டியதும், தொழிற்சாலை இட்ட எண்ணை மாற்றினோம்.

“உபரிச் சாவியை வெளிப்புறப் பெட்டியில் வைக்கலாமே” என்றேன். அவர் நகைத்தார். அந்நாட்டில் பற்பல வண்டிகளின் வெளிப்பெட்டிகளை ‘சிஎச் 751’ என்னும் ஒரே வகைச் சாவி திறந்துவிடுமாம்! ஆகவே அது அவர் சட்டைப் பையிலேயே தங்கிற்று. பாட்டரி மாற்றும் நாளை நாட்காட்டியில் குறித்தார்.

வசதி சிலருக்கு ஆடம்பரம். சிலருக்கோ அதுவே கை. இல்லத்தில் எதையும் மாற்றுமுன், அது யாருடைய கை என்று பார்ப்போமாக.