ஆறு சிலிண்டரும் பதினாறு லிட்டர் ஆயிலும்

புனேயில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு வியாழக்கிழமை என்றால் என்ன என்று சொல்லவே வேண்டாம். மின்வாரியம் பராமரிப்பு வேலை வைத்துக்கொள்ளும் நாள். காலையில் கரண்ட் போனால் சாயங்காலம் வரைக்கும்கூட இழுக்கும். பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட், தண்ணி மோட்டார், மாடிப்படி விளக்கு, வீட்டுக்கு ஒரு அவசர பாயிண்ட் எல்லாமே பார்க்கிங் மூலையில் நிற்கும் டீசல் ஜெனரேட்டர் தயவில்தான். அந்த அவசர பாயிண்டில் பதினோராம் மாடி வீடு ஒன்றில் ஓடுவது டிவி அல்ல, ஒரு பெரியவருக்கான ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர். அதனால் அந்த மெஷின் எங்களுக்கு வெறும் சௌகரியம் இல்லை.

இந்த வருஷம் சொசைட்டி கமிட்டியில் என்னை இழுத்துப் போட்டார்கள். "அண்ணா, நீங்க எஞ்சினியர்தானே, ஜெனரேட்டரை நீங்களே பாத்துக்கோங்க" என்றார் செகரட்டரி. நான் தட்டுவது கீபோர்டு மட்டும்தான் என்று சொன்னதெல்லாம் எடுபடவில்லை :-)

பொறுப்பேற்ற முதல் வாரமே ஆயில் மாற்றும் நாள் வந்தது. கூடவே மூன்று கட்சிகள். பொருளாளர், "மார்க்கெட்டில் டிரம் ஆயில் லிட்டருக்கு 90 ரூபாய் கம்மி" என்றார். ஐந்தாம் மாடி கார் பிரியர், தன் காருக்குப் போடும் முழு சிந்தெடிக் 0டபிள்யூ-20 ஆயிலையே இதற்கும் போடலாம் என்றார். ஜெனரேட்டரை எட்டு வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் காகா, "மெஷினுக்கு வயசாயிடுச்சு, ஆயில் பிரஷர் முள்ளு முன்ன மாதிரி ஏறல. கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்துங்க ஸார்" என்றார்.

மூன்று பேர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் சிக்கலே. சரி, கையேட்டைப் பிரிப்போம் என்று உட்கார்ந்தேன்.

எங்களுடையது 2012-இல் வாங்கியது. வரிசையாக ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர் கொள்ளளவு. நம்ம ஊர் அசோக் லேலண்ட் பஸ்களிலும் லாரிகளிலும் நிறையப் பார்த்திருப்பீர்கள், அதே ஆறு சிலிண்டர் அமைப்பு. இதில் 1-6, 2-5, 3-4 என்று பிஸ்டன்கள் ஜோடி ஜோடியாக ஏறி இறங்கும். ஒன்றின் உதைப்பை இன்னொன்று சமன் செய்துவிடும். அதனால்தான் நான்கு சிலிண்டர் மாதிரி தடதடக்காமல் ஓடுகிறது. ஆனால் இந்தச் சொகுசுக்கு ஒரு விலை உண்டு. கிராங்க் ஷாஃப்ட் நீளம், அதைத் தாங்க ஏழு மெயின் பேரிங். ஒவ்வொரு பேரிங்கிலும் இரும்பு இரும்பைத் தொடாமல் காப்பது தலைமுடியைவிட மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம்தான்.

அப்படியானால் ஆறு சிலிண்டருக்கென்று தனி ஆயில் இருக்கிறதா? இல்லை. சென்னைத் தொழிற்சாலையில் பூட்டி 2021 முதல் விற்ற பிஎம்டபிள்யூ எம்340ஐ காரிலும் வரிசை ஆறு சிலிண்டர்தான். ஆனால் அது டர்போ பெட்ரோல். 0டபிள்யூ-20, 0டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயிலுக்கென்றே வடிவமைத்தது, அதுவும் அந்தக் கம்பெனியின் லாங்லைஃப் தர முத்திரையோடு. எங்கள் டீசல் எஞ்சினின் பேரிங் இடைவெளி வேறு, சுமை வேறு. ஆயிலைத் தீர்மானிப்பது சிலிண்டர் எண்ணிக்கை அல்ல, எஞ்சின் கையேடு. கார் பிரியர் கட்சி இதோடு முடிந்தது.

அடுத்து, டப்பாவில் இருக்கும் எண்கள். 15டபிள்யூ-40 என்றால், டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். முதல் எண் குறைய குறைய, குளிரில் ஆயில் சீக்கிரம் ஓடும். 40 என்பது 100 டிகிரி செல்சியஸில் அதன் பிசுபிசுப்பு 12.5-க்கும் 16.3-க்கும் இடையில் (சென்டிஸ்டோக்ஸ் கணக்கு) இருக்கும் என்பது. புனே டிசம்பரில் பத்து டிகிரிக்குப் பக்கம் போகும், மே மாதம் நாற்பதைத் தொடும். இரண்டுக்கும் 15டபிள்யூ-40 தாராளமாகப் போதும். கையேடும் அதையே சொன்னது.

மூன்றாவது, ஏபிஐ எழுத்து. 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல், 'சி' என்றால் டீசல். பின்னால் வரும் எழுத்து தலைமுறை. சிஎச்-4 வந்தது 1998-இல், சிஐ-4 2002-இல், சிகே-4 2016 கடைசியில். எங்கள் கையேடு கேட்பது சிஎச்-4 அல்லது அதற்கு மேல். பொருளாளர் காட்டிய டிரம்மில் சிஎஃப்-4 என்று இருந்தது. அது 1990-இல் வந்து, பின்னால் காலாவதி என்று கைவிடப்பட்ட தரம். கரியை மிதக்கவிட்டு வடிகட்டிக்கு அனுப்பும் திறன் அதில் குறைவு.

மிச்சம் எவ்வளவு என்றும் கணக்குப் போட்டேன். 16 லிட்டருக்கு 1,440 ரூபாய். 48 வீடு. வீட்டுக்கு 30 ரூபாய்! பக்கத்து சொசைட்டி ஒன்றில் போன வருஷம் மெயின் பேரிங் போய் மூன்று வாரம் ஜெனரேட்டர் இல்லாமல் கிடந்தார்கள். என்ன ஆயில் போட்டீர்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. பில்லும் இல்லை.

மிஞ்சியது காகா கட்சி. அவர் சொன்ன பிரஷர் விஷயத்தை மட்டும் என்னால் ஒதுக்க முடியவில்லை. எட்டு வருஷம் தினமும் அந்த முள்ளைப் பார்த்த மனிதர் அவர். அதனால் பழைய ஆயிலைக் கொட்டும் முன் ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து ஆயில் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். இந்த மாதிரி சோதனை கப்பல்காரர்களுக்கும் மில்காரர்களுக்கும் சர்வ சாதாரணம், சொசைட்டிகள்தான் செய்வதில்லை.

ரிப்போர்ட் வந்தது. இரும்பு, ஈயம், செம்பு எல்லாம் அளவுக்குள். அதாவது பேரிங் நன்றாக இருக்கிறது. ஆனால் பிசுபிசுப்பு 11.6! புதிதில் 14-க்கு மேல் இருந்திருக்க வேண்டியது. கூடவே ஆயிலில் ஐந்து சதவீதத்துக்கு மேல் டீசல் கலந்திருந்தது. 40 என்று ஊற்றியது 30 ஆகிவிட்டிருந்தது. முள் ஏறாத காரணம் இதுதான். காகா கண்டது சரி. ஆனால் வைத்தியம் கெட்டி ஆயில் அல்ல. அதிலும் டீசல் கலக்கத்தான் போகிறது.

டீசல் ஏன் கலக்கிறது? எங்கள் வழக்கத்தில் பதில் இருந்தது. வாரா வாரம் சோதனைக்கென்று ஐந்து நிமிடம் சுமையே இல்லாமல் ஓட்டி நிறுத்துவார்கள். எஞ்சின் சூடாவதே இல்லை. முழுதாக எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலுக்குள் இறங்குகிறது. அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 110-ஆம் எண் தரநிலை, மாதம் ஒருமுறை குறைந்தது 30 நிமிடம், கொள்ளளவில் 30 சதவீதத்துக்குக் குறையாத சுமையோடு ஓட்டச் சொல்கிறது. நம் சொசைட்டியை அது கட்டுப்படுத்தாது, ஆனால் காரணம் இங்கேயும் அதேதான்.

காகாவிடம் ரிப்போர்ட்டைக் காட்டி விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முள்ளு பொய் சொல்லாதுன்னு நான்தான் சொன்னேனே ஸார்" என்றார். மறுக்கவா முடியும்!

கமிட்டியில் முடிவானது, உங்கள் குடியிருப்புக்கும் உதவலாம் என்பதற்காக:

1. 15டபிள்யூ-40, சிஐ-4 பிளஸ். அங்கீகரிக்கப்பட்ட கடையில், சீல் உடையாத கேனில், பில்லோடு. பேட்ச் எண் நோட்டில் ஏறும்.

2. 250 மணி நேரம் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றம். வருஷத்துக்கு நாற்பது மணி நேரம்தான் ஓடுகிறது என்று விட்டுவிடக் கூடாது. சும்மா நின்றாலும் ஈரமும் அமிலமும் ஆயிலைக் கெடுக்கும். ஃபில்டரும் கூடவே மாறும்.

3. மாதம் ஒரு சனிக்கிழமை, லிஃப்டும் தண்ணி மோட்டாரும் ஜெனரேட்டரில் போட்டு அரை மணி நேரம் ஓட்டம். சுமையற்ற ஐந்து நிமிட ஓட்டம் ரத்து.

4. எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்தே டிப் ஸ்டிக் பார்ப்பது. அளவு கூடியிருந்தால் சந்தோஷப்படக் கூடாது. அது டீசலோ தண்ணீரோ.

5. காலி கேனில் ஓட்டை போட்டுத்தான் வெளியே அனுப்புவது, போலி ஆயில் நிரப்பிவிடாமல் இருக்க. கழிவு ஆயில் 2016 விதிகளின்படி அபாயக் கழிவு. சென்ட்ரிங் பலகைக்குப் பூச என்று யாருக்கும் கொடுக்காமல் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டும்.

புது ஜெனரேட்டர் வாங்கும் சொசைட்டிகளுக்கு ஒரு வார்த்தை. 2023 ஜூலை 1 முதல் சிபிசிபி 4 பிளஸ் மாசு விதி வந்துவிட்டது. அதன்படி வரும் செட்களில் புகை சுத்திகரிப்பு அமைப்பு இருக்கலாம். கரி வடிகட்டி இருந்தால் ஆயில் எரிந்து விடும் சாம்பல் அதை அடைத்துவிடும். அதற்கு சிகே-4 மாதிரி சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். எங்கள் பழைய செட்டுக்குப் போடுவதை அப்படியே அங்கே ஊற்றாதீர்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பாட்டில் பிடித்து அனுப்பினோம். பிசுபிசுப்பு 13.9, டீசல் கலப்பு ஒரு சதவீதம். சனிக்கிழமை அரை மணி நேரச் சத்தத்துக்கு இரண்டாம் மாடியில் இன்னும் முணுமுணுப்பு உண்டு. பதினோராம் மாடியில் இல்லை.