கொம்பறுத்த காடு

டர்பனிலிருந்து என்-2 நெடுஞ்சாலையில் வடக்கே போனால் வெகுதூரத்துக்குக் கரும்புத் தோட்டங்களும் தைலமரக் காடுகளும்தான். இந்தக் கரும்பில் வேலை செய்யத்தான் 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். வண்டியை ஓட்டிய நண்பர் அப்படி வந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் வாரிசு. ம்டுபாடுபா ஊருக்கு அருகே நெடுஞ்சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பி, ஜூலு கிராமங்களையும் சாலையோரம் மேயும் மாடுகளையும் கடந்தால் நியலாசி வாசல். உள்ளே 960 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிகிறது ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி பூங்கா.

காண்டாமிருகத்தைப் பார்க்க இந்நாட்டின் குரூகர் தேசியப் பூங்கா இருக்கிறது, நம் காசிரங்காவும் இருக்கிறது. ஆனாலும் இந்தக் காட்டுக்குத்தான் வர வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கறுப்பு உம்ஃபொலோசி, வெள்ளை உம்ஃபொலோசி என்ற இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் ஒரு காலத்தில் ஜூலு மன்னர்களின் வேட்டைக்காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துப்பாக்கிகள் தென்னாப்பிரிக்கா முழுவதும் வெள்ளைக் காண்டாமிருகத்தைத் துடைத்தெறிந்தபோது, இங்கே மட்டும் ஒரு சிறு கூட்டம் தப்பிப் பிழைத்திருந்தது. 1895-இல் இந்த நிலம் காப்புக்காடானது. 1960-களில் இயன் பிளேயர் தலைமையில் வனக்காவலர்கள் மயக்க ஊசி போட்டு, கூண்டுகளில் ஏற்றி, இங்கிருந்த விலங்குகளை மற்ற காடுகளுக்கு அனுப்பினார்கள். குரூகருக்கு வெள்ளைக் காண்டாமிருகம் திரும்பியது அப்படித்தான். இன்று ஆப்பிரிக்காவில் 15,000-க்கு மேல் வெள்ளைக் காண்டாமிருகங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பூர்விகம் இந்த இரண்டு ஆறுகளின் நடுவேதான்.

விடியற்காலையில் திறந்த வண்டியில் கிளம்பினோம். ஜூன் மாதக் குளிர். காய்ந்த புல் இடுப்பளவு நின்றது. வழிகாட்டி பக்கத்துக் கிராமத்துக்காரர். ஒரு வளைவில் எதுவும் பேசாமல் வண்டியை நிறுத்தினார். முப்பதடி தூரத்தில் தாயும் கன்றும் மேய்ந்துகொண்டிருந்தன. அகன்ற உதடுகள் தரையோடு ஒட்டி நகர, புல் அறுபடும் சத்தம் எங்கள் காது வரை வந்தது. தாயின் முதுகில் உண்ணி கொத்தும் பறவைகள். எல்லாம் நான் எதிர்பார்த்தபடியே இருந்தன, முகத்தைத் தவிர. மூக்கின் மேல் கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் தட்டையாக அறுக்கப்பட்ட ஒரு மொட்டைக் கட்டைதான் இருந்தது.

"உயிரோடு இருக்கிறதே, அதைப் பாருங்கள்" என்றார் வழிகாட்டி.

2007-இல் தென்னாப்பிரிக்கா முழுவதும் கள்ள வேட்டைக்குப் பலியான காண்டாமிருகங்கள் 13. 2014-இல் அந்த எண்ணிக்கை 1,215. வியட்நாமில் கொம்புப் பொடி புற்றுநோயைத் தீர்க்கும் என்ற வதந்தி பரவியது. பணக்காரர்கள் அதை விருந்தில் பரிமாறவும் பரிசாகக் கொடுக்கவும் தொடங்கினார்கள். அந்த நாட்டின் கடைசிக் காண்டாமிருகமே 2010-இல் காட் தியென் காட்டில் குண்டடி பட்டு, கொம்பு அறுக்கப்பட்டுக் கிடந்தது. இத்தனைக்கும் கொம்பு என்பது வெறும் கெரட்டின். நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் அதே பொருள்.

குரூகரில் காவல் இறுக இறுக, வேட்டைக் கும்பல்கள் தெற்கே வந்தன. 2023-இல் நாடு முழுவதும் கொல்லப்பட்ட 499-இல் 307 இந்த ஒரே பூங்காவில். மறு ஆண்டு ஏப்ரலில் பூங்கா நிர்வாகம் அதுவரை தயங்கிய முடிவை எடுத்தது: கொம்புகளை அறுத்துவிடுவது. ஹெலிகாப்டரிலிருந்து மயக்க ஊசி போடுகிறார்கள். விலங்கு சாய்ந்ததும் கண்ணைக் கட்டி, காதை அடைத்து, வளரும் அடிப்பகுதிக்கு மேலே மோட்டார் ரம்பத்தால் அறுக்கிறார்கள். வலி இல்லை. ஆனால் கொம்பு மீண்டும் வளரும். ஒன்றரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திரும்பச் செய்தாக வேண்டும்.

பலன் இருக்கிறது. குரூகரை ஒட்டிய 11 காப்பகங்களில் 2017 முதல் 2023 வரை நடந்த ஆய்வு 2025-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. காவலுக்கான செலவில் 1.2 சதவீதம் மட்டுமே பிடித்த கொம்பு நீக்கம், கள்ள வேட்டையை 78 சதவீதம் குறைத்திருந்தது. ஆனாலும் மிஞ்சிய கட்டைக்காகவும் கொல்கிறார்கள். கொம்பிழந்த கறுப்புக் காண்டாமிருகங்கள் நடமாடும் எல்லையே சுருங்கிவிடுகிறது என்று இன்னோர் ஆய்வு சொல்கிறது. கொம்பால் கன்றைக் காத்து, எதிரியை விரட்டி வாழ்ந்த விலங்கை, அந்தக் கொம்பைப் பறித்துத்தான் நம்மால் காப்பாற்ற முடிகிறது. அந்தத் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு நிம்மதியும் வெட்கமும் சேர்ந்தே வந்தன.

அறுத்த கொம்பை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் பெரிய வாதம் தொடங்குகிறது. தென்னாப்பிரிக்க வெள்ளைக் காண்டாமிருகங்களில் பாதிக்கு மேல் தனியார் நிலங்களில் இருக்கின்றன. அப்படிப்பட்ட உரிமையாளர் ஒருவரிடம் அன்று மாலை நெடுநேரம் பேசினேன். அவர் பேராசைக்காரராகத் தெரியவில்லை, களைத்துப்போனவராகத் தெரிந்தார். ஆயுதக் காவலர், வேலி, நாய்ப்படை, ஹெலிகாப்டர் வாடகை என்று மாதம்தோறும் பணம் கரைகிறது. "கொல்லாமலே அறுத்தெடுக்கலாம், திரும்ப வளரும். அதை விற்றால் காவலுக்குப் பணம் கிடைக்கும், கள்ளச் சந்தையும் படுத்துவிடும். பெட்டகத்தில் பூட்டிவைத்து யாருக்கு என்ன லாபம்?" என்றார்.

அவர் கணக்கைச் சுலபமாகத் தள்ள முடியாது. உலகிலேயே பெரிய காண்டாமிருகப் பண்ணையை வைத்திருந்த ஜான் ஹியூம், ஒருநாள் கொம்பு விற்கலாம் என்று நம்பி ஏறக்குறைய 2,000 விலங்குகளை வளர்த்தார். உள்நாட்டு விற்பனை மீதான தடை வழக்கு மூலம் நீங்கியது. 2017-இல் அரசியல் சாசன நீதிமன்றமும் அரசின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. ஆனால் உள்நாட்டில் கொம்பை வாங்குவோர் யார்? வெளிநாட்டு விற்பனையை, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1977 முதல் தடுத்துவைத்திருக்கிறது. கடைசியில் 2023-இல் பண்ணையை ஏலத்துக்கு விட்டார், கேட்க ஆளில்லை. 'ஆப்பிரிக்கன் பார்க்ஸ்' அமைப்பு அதை வாங்கி, அந்த விலங்குகளைக் காடுகளுக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்றது.

2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் மாநாட்டில் ஸ்வாசிலாந்து தன் கொம்புகளை விற்க அனுமதி கேட்டது. 26 நாடுகள் ஆதரித்தன, 100 நாடுகள் எதிர்த்தன. எதிர்த்தவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. அரைத்துப் பொடியான பிறகு பண்ணைக் கொம்பையும் கள்ளக் கொம்பையும் கடைத்தெருவில் யாரும் பிரித்தறிய முடியாது. சட்டப்படி விற்கிறது என்றானதும், இதுவரை கூசி ஒதுங்கியிருந்தவர்களும் வாங்க வருவார்கள். 2008-இல் 100 டன்னுக்கு மேற்பட்ட யானைத் தந்தத்தைச் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் விற்க ஒருமுறை அனுமதித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஆப்பிரிக்க யானை வேட்டை உச்சத்துக்குப் போனது. விற்பனைதான் காரணமா என்பதில் பொருளியலாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் விற்றதால் வேட்டை அடங்கும் என்ற வாக்குறுதி பலிக்கவில்லை. யானைகள் பல லட்சம் இருந்ததால் அந்த அடியைத் தாங்கின. காண்டாமிருகம் தாங்காது.

அசாம் வேறு வழியில் போனது. 2021 செப்டம்பர் 22 அன்று பொகாகாட்டில், கருவூலங்களில் சேர்ந்திருந்த 2,479 கொம்புகளை அரசே தீ மூட்டி எரித்தது. அடுத்த ஆண்டு அம்மாநிலத்தில் ஒரு காண்டாமிருகம்கூட வேட்டைக்குப் பலியாகவில்லை. தீ மட்டும் அதைச் சாதிக்கவில்லை. காவல் முகாம்களில் வெள்ளத்திலும் பனியிலும் கிடக்கும் காவலர்களும், அவர்களுக்குப் பின்னால் உறுதியாக நின்ற அரசும் சாதித்தார்கள். கொம்பை விற்காமலும் காக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

இந்தக் காவலுக்கு விலையும் இல்லாமல் இல்லை. 2022 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் டிம்பாவாட்டி காப்பகத்தின் தலைமைக் காவலர் ஆன்டன் ம்சிம்பா தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வேட்டைக்குப் போய்ச் சாகும் இளைஞர்களும் பெரும்பாலும் வேலியோரத்து ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். "வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குச் சம்பளம் இருக்கிறது. அந்தப் பக்கம் என்னோடு படித்தவர்களுக்கு இல்லை. அதையும் எழுதுங்கள்" என்றார் வழிகாட்டி.

எனவே நான் உறுதியாகச் சொல்வது இது: கொம்புச் சந்தையைத் திறக்கக் கூடாது. ஆனால் திறக்காதே என்று சொல்வதோடு நம் கடமை முடிவதில்லை. அன்று மாலை பேசிய உரிமையாளர் எழுப்பிய கேள்வி, காவலுக்கு யார் பணம் தருவது என்பது, நியாயமான கேள்வி. வழி இல்லாமல் இல்லை. 2022-இல் உலக வங்கி 15 கோடி டாலருக்கு ஒரு பத்திரம் வெளியிட்டது. தென்னாப்பிரிக்காவின் இரண்டு காப்பகங்களில் கறுப்புக் காண்டாமிருகம் பெருகினால்தான் முதலீட்டாளருக்குக் கூடுதல் வருவாய். விலங்கு உயிரோடு பெருகுவதற்கே விலை கொடுக்கும் ஏற்பாடு அது. அதைப் போல இன்னும் பல வேண்டும். விற்காதே என்று வாக்களித்த 100 நாடுகளும் இந்தக் காவலர்களின் சம்பளத்தில் பங்கேற்க வேண்டும். வேலியோரத்துக் கிராமத்துக்குப் பள்ளிக்கூடமும் வேலையும் வர அவை கைகொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் தடையை மட்டும் நீட்டித்துக்கொண்டிருந்தால், அடுத்த மாநாட்டில் அந்த உரிமையாளரின் வாதத்துக்கு நம்மிடம் பதில் இருக்காது.