பெத்த வயிறு

நேற்று சாயங்காலம் பேத்தி இங்கிலீஷ் வீட்டுப்பாடத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆறாம் வகுப்பு. இருபது இடியம்ஸ் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம், ஒரு சொந்த வாக்கியம். பதிமூன்றாவது, 'பட்டர்ஃப்ளைஸ் இன் தி ஸ்டமக்'.

"வயித்துக்குள்ள பட்டாம்பூச்சி எப்படிப் பாட்டி போகும்?"

"கணக்குப் பரீட்சைக்கு முன்னாடி உனக்கு வயித்துல புளியைக் கரைக்குமே, அதுதான்" என்றேன். சரி என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. வயிறு என்ற சொல்லை வைத்து நான் செய்த தப்பு ஒன்று இருபது வருஷத்துக்கு மேலாக உள்ளே கிடக்கிறது. இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள் நட்புகளே.

நான் பிறந்து வளர்ந்தது சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் என்பதால் இங்கிலீஷ் காதில் விழுந்துகொண்டே இருக்கும், வாயில்தான் வராது. அப்பா அடிக்கடி சீனிவாச சாஸ்திரியைப் பற்றிச் சொல்வார். 1935 முதல் 1940 வரை அங்கே துணைவேந்தராக இருந்தவர். காந்தியடிகளின் சுயசரிதை ஆங்கில மொழிபெயர்ப்பையே திருத்திக் கொடுத்தவர். "அவருக்கு வெள்ளி நாக்கு" என்பார் அப்பா. எங்கள் தெருவில் ஒருவருக்குத் தங்கப்பல் இருந்தது. அதுபோல இவருக்கு நாக்கை வெள்ளியில் செய்து பொருத்தியிருக்கிறார்கள், சாப்பிடும்போது சுடாதா என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். 'சில்வர் டங்' என்றால் பேச்சுத்திறன் என்று தெரிந்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

பள்ளியில் இங்கிலீஷ் சார் எங்களை உட்கார வைத்துவிட்டுக் கதவை நோக்கி நடப்பார். 'ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்' என்பார். கதவைத் தொடுவார், 'ஐ ஆம் டச்சிங் தி டோர்' என்பார். நாங்களும் கத்துவோம். பல வருஷம் கழித்து வடலூரில் ஒரு பயிற்சிக்குப் போனபோதுதான் அந்த நடைக்குப் பின்னால் இருந்த கதை தெரிந்தது. 1950-களின் கடைசியில் சென்னை மாகாணத்தில் 27,000 ஆசிரியர்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுக்கப் பெரிய திட்டம் போட்டார்களாம். கொஞ்சம் பேருக்குக் கற்றுக்கொடுப்பது, அவர்கள் இன்னும் கொஞ்சம் பேருக்கு, அவர்கள் மேலும் பலருக்கு. அந்தத் திட்டத்துக்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர். பனியே விழாத ஊரில் பனி உருண்டை! அந்தப் பெயர் வைத்தவரும் இடியத்தில் மாட்டிக்கொண்டவர்தான்.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்தேன். வேலைக்கு வந்த பிறகு பி.ஏ. இங்கிலீஷ் அஞ்சல் வழியில் சேர்ந்து, இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டேன். பிள்ளைப்பேறு, மாமியார் உடம்பு என்று காரணம் சொல்லலாம். பாஸ் ஆகவில்லை என்பதும் காரணம். ஆனால் அந்த நாளில் ரென் அண்ட் மார்ட்டினைப் பார்த்து இடியம்ஸ் எழுதி வைத்த நோட்டு ஒன்று இருந்தது. இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் தமிழ். 'ஸ்பின் எ யார்ன்' என்றால் கயிறு திரிப்பது. இப்படி அச்சு அசலாகப் பொருந்துகிறவற்றைக் கண்டால் புதையல் கிடைத்த மாதிரி இருக்கும். பொருந்தாதவற்றை மனப்பாடம் செய்வேன். நோட்டு முழுக்க மனப்பாடம் ஆனதால் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடலூர்க்காரர்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. அரையாண்டு விடுமுறை நேரம். தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று கரையோரம் முழுக்க நாசம். அந்த வாரத்திலிருந்து வெளியூர், வெளிநாட்டு ஆட்கள் உதவிக்கு வந்தார்கள். எங்கள் பக்கத்து மருத்துவ முகாமில் ஸ்பெயின் நாட்டு நர்ஸ் ஒருத்தி இருந்தாள். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவள் இருப்பாள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார்கள். "டீச்சருக்கு இங்கிலீஷ் தெரியும்" என்று யாரோ என்னைக் கை காட்டிவிட்டார்கள்.

தேவனாம்பட்டினத்தில் ஒரு சொல் ஊர்களையே விழுங்கிய கதை உண்டு. வகுப்பில் சொல்லாமல் விடமாட்டேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து அங்கே ஒரு கோட்டையை விலைக்கு வாங்கியது. செயின்ட் டேவிட் கோட்டை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் விலையில் சேர்த்தி. அதற்கு அவர்கள் பயன்படுத்திய சொல் 'ரேண்டம் ஷாட்'. இன்று ரேண்டம் என்றால் ஏதோ ஒன்று, குறியில்லாதது. அன்றைய பீரங்கிக்காரர்களுக்கு அது குண்டு போகக்கூடிய அதிகபட்ச தூரம். சுட்டார்கள், விழுந்த இடம் வரை எல்லை போட்டார்கள். குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயரே வந்துவிட்டது. அகராதியில் ஒரு வரி மாறினால் ஒரு ஊரின் எல்லை மாறும் என்று பிள்ளைகளிடம் கெத்தாகச் சொல்லுவேன். அதே கரையில் என் கதை என்ன ஆனது பாருங்கள்.

முதல் நாள் ஒரு பெரியவர் வந்தார். காலில் காயம். கட்டுப் போடும்போதே, "என் கட்டுமரம் போச்சு டீச்சர்" என்று அழுதார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் நிமிர்ந்து, "கட்டமரான்?" என்றாள். அவர்கள் மொழியிலும் அதே சொல்லாம். எனக்குப் புல்லரித்துவிட்டது. டாம்பியர் என்ற கப்பல்காரர் 1697-இல் வந்த தன் புத்தகத்திலேயே சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் சொல் ஊரெல்லாம் சுற்றிவிட்டு எங்கள் முகாமுக்கே திரும்பி வந்திருக்கிறது! ஆனால் அவள் முகத்தில் ஒரு குழப்பம். அப்புறம் மெதுவாகக் கேட்டாள், இவர் அவ்வளவு பணக்காரரா என்று. அவள் ஊரில் கட்டமரான் என்றால் இரண்டு அடிப்பகுதி வைத்த உல்லாசப் படகு. நாலைந்து மரத்தைக் கயிற்றால் கட்டிக் கடலில் தள்ளுவது என்று மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினேன். அவள் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஒரு தாய் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். உடம்பில் காயம் எதுவும் இல்லை. என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"பெத்த வயிறு பத்திக்கிட்டு எரியுது டீச்சர்."

நான் சொன்னேன், 'ஹெர் ஸ்டமக் இஸ் பர்னிங்.'

எப்போதிலிருந்து, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று நர்ஸ் கேட்டாள். அதையும் அப்படியே தமிழில் கேட்டேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து டீச்சர்."

'சின்ஸ் சண்டே' என்றேன். வயிற்று எரிச்சலுக்கு மாத்திரை கொடுத்தாள். மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன் என்று நானே சொல்லி அனுப்பினேன். முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அடுத்த ஆள் வந்தார்.

தமிழச்சிக்கு இது புரியாதா என்று கேட்பீர்கள். காலையிலிருந்து வரிசை. தமிழ் காதில் விழும், இங்கிலீஷ் வாயிலிருந்து போகும், நடுவில் நான் இல்லை. இடது பக்கம், வலது பக்கம். அந்த நோட்டு மாதிரியே ஆகிவிட்டேன். இதற்கு மேல் சமாதானம் எனக்கு இல்லை.

மறுநாள் நர்ஸ் தும்மிக்கொண்டே வந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு. என்னம்மா என்றேன். 'ஐ ஆம் வெரி கான்ஸ்டிபேட்டட்' என்றாள். பாவம், நம்ம ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, மலச்சிக்கல் என்று நினைத்து இரண்டு பூவம்பழமும் வெந்நீரும் கொண்டு வந்து கொடுத்தேன். நன்றி சொல்லிச் சாப்பிட்டாள். அடுத்த நாளும் தும்மல், அதே சொல். நான் கடுக்காய்ப் பொடி கொண்டு வந்தேன். ஒரு வாய் போட்டவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! தன்னிடம் இருந்த சின்ன அகராதியைப் புரட்டினாள். அவர்கள் மொழியில் 'கான்ஸ்டிபாடோ' என்றால் சளி பிடித்திருக்கிறது. அவ்வளவுதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன். நான் அவளைக் கேலி செய்கிறேனோ என்று சந்தேகம் அவளுக்கு. 'நீ என் முடியை எடுக்கிறாய்' என்றாள். அவர்கள் ஊரில் கேலி செய்வதற்கு அப்படிச் சொல்வார்களாம். நாங்கள் காது குத்துறியா என்போம் என்றேன். இங்கிலீஷ்காரன் காலை இழுக்கிறான். முடி, காது, கால் என்று மறுபடி சிரித்தோம்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்த முந்தானை முடிச்சு ஞாபகம் வந்தது. சளிக்குக் கடுக்காய் கொடுத்தவள் நான். அந்தத் தாய்க்கு என்ன கொடுத்தேன்?

அவளிடம் சொன்னேன். நாங்கள் பயந்தால் வயிற்றில் புளி கரையும். யாராவது பிழைப்பைக் கெடுத்தால் வயிற்றில் அடித்துவிட்டான் என்போம். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பெத்த வயிறு எரியும். அது மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை. என் இங்கிலீஷில் தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன், நோட்டு எதுவும் கைகொடுக்கவில்லை. அவள் தன் பதிவேட்டைத் திருப்பினாள். பக்கத்துக்கு நாலைந்து இடத்தில் 'ஸ்டமக்'. கடலைப் பார்த்தாலே வயித்தைக் கலக்குது என்று சொன்ன பிள்ளைகளுக்கெல்லாம் நாங்கள் கொடுத்தது பேதி மாத்திரையும் உப்புச் சர்க்கரைக் கரைசலும்.

அன்று சாயங்காலமே அந்த அம்மா தங்கியிருந்த இடத்துக்குப் போனோம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"டீச்சர் சொன்னீங்கன்னு மூணு வேளையும் போட்டுக்கிட்டேன். எரிச்சல் அடங்கலையே டீச்சர்."

என்னால் பேச முடியவில்லை. நர்ஸ் தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இங்கிலீஷில் பேசவில்லை. அவள் மொழியிலேயே என்னவோ சொன்னாள். பிறகு கேட்டபோது, ஆன்மா பிளக்கிறது என்று அர்த்தம் என்றாள். அந்த அம்மா என்னிடம் என்ன சொல்றாங்க என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிள்ளையின் பெயர், ஒண்ணாவது படித்தது, அன்று காலையில் பந்து எடுக்க ஓடியது என்று அவராகவே பேசினார். இருட்டும்வரை இருந்தோம்.

மறுநாளிலிருந்து 'வயிறு' என்று யார் சொன்னாலும் நான் உடனே மொழிபெயர்க்கவில்லை. முதலில் உட்காரச் சொன்னேன். வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது, சிலர் கோபித்துக்கொண்டார்கள்.

பள்ளி திறந்த பிறகு அந்த நோட்டை எடுக்கவே பிடிக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டில் அம்மா, ஆயா வயிறு, வாய், கண் வைத்துச் சொல்வதையெல்லாம் எழுதி வரச் சொன்னேன். கரும்பலகை போதவில்லை. அவற்றை இங்கிலீஷில் எப்படிச் சொல்லலாம் என்று நாங்களே சண்டை போட்டுக் கண்டுபிடித்தோம். பாதி தப்பாகத்தான் இருந்திருக்கும். "பாடத்தை முடிக்காமல் என்னம்மா இது?" என்று அதிகாரி ஒருவர் கேட்டதும் உண்டு.

அந்தத் தாயை அதன் பிறகு பலமுறை பார்த்தேன். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு பிள்ளையை இழந்தவர்களுக்கு அதை மாற்றும் அறுவைச் சிகிச்சையை அரசே இலவசமாகச் செய்து கொடுத்தது அல்லவா, அவரும் செய்துகொண்டார். பெண் குழந்தை பிறந்தது. அதை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க என்னிடம்தான் கூட்டி வந்தார். பெயரை எழுதிக்கொண்டு நிமிர்ந்தேன்.

"இப்பத்தான் டீச்சர் வயித்துல பால வார்த்தாப்ல இருக்கு."

ஸ்பெயின் பெண்ணுக்கு மெயிலில் எழுதினேன். அந்த ஒரு வரியை இங்கிலீஷில் சொல்ல எனக்கு ஒன்பது வரி ஆனது.

இன்று காலை பேத்தியின் நோட்டைப் பார்த்தேன். பதிமூன்றாவதுக்கு அவள் எழுதியிருக்கிற சொந்த வாக்கியம்: 'பிஃபோர் மேத்ஸ் எக்ஸாம், ஐ ஹேவ் டாமரிண்ட் இன் மை ஸ்டமக்.'

அவள் மிஸ் சிவப்பு மையில் அடிப்பார். நான் திருத்தவில்லை, அப்படியே பையில் வைத்து அனுப்பிவிட்டேன்.