பொன்னமராவதியிலிருந்து: செட்டிநாட்டு இலையும் நீ கேட்ட வைனும்

அன்புள்ள நண்பா,

பொன்னமராவதியில் உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். செட்டிநாட்டில் நின்று நிதானமாகச் சாப்பிட நல்ல இடம் எது, சாப்பாட்டோடு வைன் கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். விசாரித்து எழுதுவதைவிடப் போய்ச் சாப்பிட்டுவிட்டு எழுதலாம் என்று காரைக்குடி ‘தி பங்களா’வுக்கு ஒரு மதியம் போய்வந்தேன்.

இந்தப் பக்கமும் நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் பூமிதான். வலையபட்டி, மேலைச்சிவபுரி, வேந்தன்பட்டி எல்லாம் பொன்னமராவதியை ஒட்டிய ஊர்கள். வேந்தன்பட்டிச் சிவன் கோயிலில் நந்திக்கு நெய்யால் அபிஷேகம் செய்கிறார்கள். நெய் நந்தி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அங்கே கும்பிட்டுவிட்டு, திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி வழியாகக் காரைக்குடி போய்ச் சேர்ந்தேன்.

பங்களா ஒரு நகரத்தார் குடும்பத்தின் பழைய கட்டடம். 1990-களின் கடைசியில் மீனாட்சி மெய்யப்பன் அதைத் தங்கும் விடுதியாக மாற்றி, வீட்டுச் சமையலையே விருந்தாளிகளுக்குப் போட ஆரம்பித்தார். ஊருக்கே அவர் ஆச்சி. சுமீத் நாயருடன் சேர்ந்து அவர் எழுதிய சமையல் புத்தகம் 2014-ல் வெளிவந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எத்தனை பேர் என்று தெரிந்த பிறகு அரைத்துச் சமைப்பதால்தான் ருசி நிற்கிறது என்பது என் எண்ணம்.

நீள மேசையில் வாழை இலை. நட்சத்திர ஓட்டல் பழக்கத்தில் மெனு அட்டையைத் தேடாதே. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, பெயர் சொல்லி வைக்கிறார்கள். இலையில் எது காலியாகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டாருக்குக் கிடைக்கும் கவனிப்பு அது.

அன்றைய இலையில் என்னை நிறுத்திவைத்தது உப்புக்கறி. ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, உப்பு, கிள்ளிப் போட்ட வரமிளகாய், நல்லெண்ணெய். மசாலாப் பொடி ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. மிளகாயின் விதையை உதறிவிட்டுப் போடுகிறார்கள். அதனால் நிறமும் மணமும் இறங்கினாலும் காரம் தொண்டையைப் பிடிப்பதில்லை. வெங்காயம் கரைந்து கறியோடு ஒட்டிக்கொள்கிறது. பூண்டு முழுசாக இருந்து, விரல் பட்டதும் மசிகிறது. பெரிய நகரங்களில் ‘செட்டிநாடு’ என்று பலகை மாட்டி, மேலே சிவப்பு எண்ணெய் மிதக்கும் குழம்பை ஊற்றுகிறவர்கள் இந்த ஒரு கறியைத் தின்றுபார்க்க வேண்டும். மற்ற குழம்புகளில் கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, சோம்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று நாக்கு தேடவேண்டிய அளவில்தான்.

வெண்டைக்காய் மண்டியும் வந்தது. அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து, மொச்சையும் பூண்டும் போட்டு வைப்பது. கீழே கொட்டும் கழுநீரை இவ்வளவு பெரிய வீடுகளில் குழம்பாக்கியிருக்கிறார்கள். கப்பலேறி ரங்கூனுக்கும் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போய் வட்டித்தொழில் செய்த சமூகத்தின் சிக்கனம் அதில் தெரிகிறது. கடைசியில் வைத்த கவுனி அரிசி அந்தப் பர்மாத் தொடர்பில் வந்தது. கறுப்பு அரிசியை ஊறவைத்துக் குழைய வேகவிட்டு, சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கிளறியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் நுழைந்ததும் நகரத்தார் பர்மாவைவிட்டு ஓடிவந்தார்கள். பிறகு நிலங்களும் போயின. அரிசி மட்டும் விசேஷ வீடுகளில் தங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செட்டிநாடு என்றதும் வெளியூரில் கோழியும் நண்டும்தான் நினைவுக்கு வருகின்றன. நகரத்தார் கல்யாண விருந்து சைவம். அந்தச் சமையலின் நுட்பம் பாதிக்குமேல் மரக்கறியிலும் பலகாரத்திலும்தான் இருக்கிறது. வெள்ளைப் பணியாரத்தையே எடுத்துக்கொள். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து. இரண்டையும் ஊறவைத்து வெண்ணெய்போல் ஆட்டி, காயும் எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் பூரித்து எழும்பும். சிவக்கும் முன்னே எடுத்துவிட வேண்டும். பொன்னமராவதி வீட்டில் இன்று காலையும் இதுதான், வரமிளகாய்ச் சட்னியோடு.

இனி வைன். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். ஓட்டலில் பரிமாறத் தனி உரிமம் வேண்டும். எல்லா விடுதியிலும் அது இருக்காது. இடம் பதிவு செய்யும்போதே கேட்டுவிடு. கிடைத்தாலும் சிவப்பு வைன் வேண்டாம். அதன் துவர்ப்பு மிளகாயோடு சேர்ந்தால் எரிச்சல் கூடும், பாவம் அந்தக் கல்பாசி மணமும் போய்விடும். கொஞ்சம் இனிப்புள்ள வெள்ளை வைன், நாசிக்கில் செய்யும் செனின் பிளாங்க் மாதிரி, நன்றாகக் குளிரவைத்தால் மிளகுக் கோழிக்கு ஒத்துப்போகும். நான் மோரோடு நிறுத்திக்கொண்டேன். இந்த இலைக்கு அதுவே பொருத்தம் என்று நிச்சயமாகச் சொல்வேன்.

தங்குவதானால் கானாடுகாத்தானில் ‘விசாலம்’ இருக்கிறது. தகப்பனார் ஒருவர் மகளுக்காகக் கட்டிய வீடு அது. நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே வேண்டுமென்றால் திருமயம் பக்கம் கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’. ஆத்தங்குடிக் கல் தரை, பர்மாத் தேக்குத் தூண்கள், வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம் எல்லாம் பார்க்கலாம்.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் பங்களாவுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வா, ராத்திரிக்கு வேண்டாம். காலையில் வயிற்றைக் காலியாக வைத்துக்கொள். உப்புக்கறியும் மண்டியும் வேண்டும் என்று முதல் நாளே போனில் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்